கான்ஸ்டபிள் கேட்ட கேசட்

1

எங்கள் சாப்பாட்டுக் கடையில் டெலிபோன் அடித்தால் இப்போதெல்லாம் என் கையில் இருப்பது கீழே விழுகிறது. போன வாரம் ஒரு வாளி ரசம் போனது. நேற்று ஒரு தட்டு அப்பளம். அது நொறுங்கிய அழகைப் பார்த்து வாடிக்கையாளர்கள் கை தட்டினார்கள். கல்லாவில் இருந்த முதலாளி, எனக்கு வந்திருப்பது காதலா காய்ச்சலா என்று கேட்டார். இரண்டும் இல்லை, வேலை பெர்மிட்தான் இன்னும் வரவில்லை என்றேன். அது வருஷா வருஷம் தாமதமாகத்தானே வரும், அதற்கு ஏன் என் அப்பளத்தை உடைக்கிறாய் என்றார்.

ஊரில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு வேலை என்றால் சூட்கேஸும் சென்ட்டும்தான் தெரியும். இமிகிரேசன் ஆபீஸ் பெஞ்சு தெரியாது. முன்னால் நிற்பவரின் பின்கழுத்தை மனப்பாடம் செய்தபடி வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், 'துங்கு' என்பார்கள். காத்திரு என்று அர்த்தம். வந்த புதிதில் அது உள்ளே இருக்கும் பெரிய அதிகாரியின் பெயர் என்று நினைத்து, கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். போட்டோ எடுத்துப்போனால் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். மறுபடி எடுத்துப்போனால் சிரிக்கிறாய் என்பார்கள். என் வாய் அப்படித்தான் பிறந்தது என்று மலாயில் சொல்லத் தெரியாமல் மூன்றாம் முறை போட்டோ எடுத்தேன். பாஸ்போர்ட் முதலாளியின் மேசைக்குள் தூங்குகிறது. என்னிடம் இருப்பது அதன் நகல், பிளாஸ்டிக் உறையில் மடித்தது.

இதெல்லாம் பழகிவிட்டது. இந்த வருஷம் வந்திருக்கும் பயம் வேறு. இந்த ஊரில் ஒரு கான்ஸ்டபிளிடம் ஒரு கேசட் இருக்கிறது. அதில் என் குரல் இருக்கிறது. அவர் வாயைத் திறந்தால் பெர்மிட் போகும், என்னையும் கப்பலோ விமானமோ ஏற்றிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. நான் வீடு போய்ச் சேருவதற்குள் காரணம் போய்ச் சேர்ந்துவிடும். அம்மா வாசலில் நின்று என்னைப் பார்க்கும் பார்வையை இப்போதே பார்த்துவிட்டேன்.

காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன், அதனால் தைரியம்.

நாகப்பட்டினத்துப் பக்கம் எங்கள் ஊரில் நான் மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டோம். அதன்பிறகு சைக்கிள் ரிக்‌ஷாவில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, தெருத் தெருவாக அறிவிப்புச் செய்வதுதான் என் தொழில். படம் மாறினால் நான், சர்க்கஸ் வந்தால் நான், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் நான். நடுநடுவே யார் வீட்டுத் திண்டாட்டத்தையாவது கிண்டலடித்து விடுவேன். ரிக்‌ஷாவை மிதிப்பவன் செல்வம். அவன் முதுகைப் பார்த்தபடி ஊர் முழுக்கச் சுற்றுவேன். அந்த முதுகை நான் பார்த்த விதம் ஒரு நாள் அவன் அண்ணன்மார்களுக்குப் பிடிக்காமல் போனது. ஸ்பீக்கரை உடைத்தார்கள். என்னையும் கொஞ்சம் உடைத்தார்கள். ஏன் அடித்தார்கள் என்று அம்மா கேட்டபோது தேர்தல் தகராறு என்றேன். அந்தச் சமயம் தேர்தலே இல்லை. அம்மா மேலே கேட்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு ஏஜெண்டு வந்தார், நான் பினாங்கு வந்தேன்.

ஆணுக்கு ஆண் மேல் வரும் பிரியம். ஊர் அதற்கு வைத்திருக்கும் வார்த்தைகள் எல்லாம் கல்லைப் போல எறிய வசதியானவை. இங்கே நாங்கள் 'நம்ம ஆளுங்க' என்று மட்டும் சொல்லிக்கொள்வோம்.

2

கடையின் கேசட் பிளேயர் ஒரு நாள் பாட்டை இழுத்து இழுத்துப் பாடியது. ரிப்பேருக்குக் கொண்டுபோனேன். உள்ளே இருந்து ஒரு சோற்றுப் பருக்கையை இடுக்கியில் எடுத்துக் காட்டியவன்தான் லிம். அவன் சீனன், நான் தமிழன், நடுவில் இருவருக்கும் அரைகுறை மலாய். சண்டை போடக்கூட வார்த்தை பத்தாது. அதனால் எங்களுக்குள் எல்லாம் நன்றாகவே போகிறது.

லண்டனில் இருக்கும் அவன் அக்கா ஒரு முறை வந்தபோது, அங்கே ஒரு மியூசியத்தில் வாக்மேன் கொடுக்கிறார்கள் என்று சொன்னாளாம். காதில் மாட்டிக்கொண்டால் ஒரு குரல் இங்கே நில், அந்தப் படத்தைப் பார், இனி நட என்று சொல்லுமாம். லிம்முக்கு அது மண்டைக்குள் புகுந்துகொண்டது. இந்த ஊரிலும் நம் ஆட்கள் எத்தனையோ காலமாக வாழ்ந்திருக்கிறார்கள், அவர்கள் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவர்கள் வாயாலேயே பதிவு செய்து அவர்கள் நடந்த தெருவிலேயே நடந்து கேட்டால் என்ன என்றான். எழுதி வைத்தால் ஆபத்து, கேசட் என்றால் பார்க்கிறவனுக்கு அது சினிமாப் பாட்டு.

மூன்று கேசட் செய்தோம். ஹொக்கியன் சீனத்தில் ஒன்று லிம் செய்தான். மலாயில் பேசியது ரோஸ். கல்யாண உடுப்புத் தைப்பவள். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவள். நாங்கள் சிரிக்கும்போது அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு நேர்ந்தவை அப்படி. தமிழ் கேசட்டுக்கு நான் பிடித்துவந்த ஆள் முத்தையா அண்ணன்.

அண்ணன் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டியவர். சாமான் மூட்டைகளை வலையோடு தூக்கிக் கப்பலில் இறக்கும் யந்திரம் அது. ஒரு முறை அறுந்த கயிறு முழங்காலில் அடித்து, ஒரு கால் இழுக்கும். கால்தான் இழுக்குமே தவிர வாய் எங்கேயும் நிற்காது. எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தால் நான் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போதே பேச ஆரம்பித்து, பீடா போடும்போதும் முதல் கதையிலேயே இருப்பார். இப்போது ஆயர் ஈத்தாமில் தங்கை மகன் பிளாட்டில் இருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு டிவி பேசும் இங்கிலீஷ்தான் பேச்சு. இவர் என்ன சொன்னாலும் 'ஓகே லா தாத்தா' என்பதோடு சரி. கேசட் அவர்கள் கையில் கிடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுங்களுக்கு நான் சோறு கேக்குறதே புரியாது தம்பி. இதா புரியப் போவுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் பஸ் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அண்ணன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

லிம் கடையில் உட்கார்த்தி வைத்து மைக்கை நீட்டினால் அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. நடக்க விட்டால்தான் வரும் என்று கண்டுபிடித்தோம். மைக்கைச் சட்டைக் காலரில் குத்தி, ரெக்கார்டரை லிம் தோள்பையில் போட்டு, எஸ்பிளனேட் கடற்சுவரில் இருந்து படகுத்துறை ஜெட்டி வரைக்கும் நடத்தியே பதிவு செய்தோம். அதனால் கேசட்டில் அவர் கால் இழுபடும் சத்தமும் இருக்கும். கேட்கிறவனும் அவர் வேகத்துக்குத்தான் நடக்க வேண்டும். வேகமாகப் போனால் அவர் சொல்லும் சுவர் பின்னால் போய்விடும். அவர் பேச்சுக்கு நடுவே வழி சொல்வது என் வேலை. மைக் கிடைத்ததும் எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. வழியோடு கிண்டலையும் சேர்த்தேன்.

நடப்பதற்கு விதி உண்டு. தனித்தனியாகத்தான் போக வேண்டும், முன்னால் போகிறவர் கண்ணில் இருந்து மறைந்த பிறகுதான் அடுத்தவர். கடைசியில் எல்லாரும் சேருமிடம் ஜெட்டிக்கு எதிரே ஒரு கோப்பிக் கடை. கேசட்டின் கடைசி வரியை நான்தான் பேசினேன். "உள்ள வா. சுவத்துல கடிகாரம் இருக்கும். அதுக்குக் கீழ உக்காந்திருக்கிறவர்தான் இவ்வளவு நேரம் உன் காதைத் தின்னவர். ஒரு தே வாங்கிக் குடு."

பதிவு செய்தபோது நான் அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். காதில் கேட்ட குரல் கண் முன்னால் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும். வருகிறவர்கள் அண்ணனுக்குத் தே, அதாவது டீ, வாங்கி வைப்பார்கள், அவர் குடிப்பார், மறுபடி பேசுவார். ஊரில் மைக்கைப் பிடித்தால் என் குரல் மொத்த ஊருக்கும் கேட்கும். இங்கே ஒரே ஒரு காதுக்குள் போவதால் பத்திரம் என்று நம்பினேன். காது யாருடையதாகவும் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

3

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து எனக்கு ஓய்வு. ரோஸ் முன்னாலேயே போய்விட்டாள். பின்னால் பயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், ஒருவருக்கு ஒருவர் ஜோடி. அப்புறம் கெப்பாலா பத்தாஸில் இருந்து முதல் முறையாக வந்த ஒரு வாத்தியார். கிளம்பும்போது அவர் ஹெட்போனை மாட்டி மாட்டிக் கழற்றியதைப் பார்த்து, பரீட்சை எழுதப் போகிறீர்களா சார் என்று நான்தான் கேலி செய்தேன். நான் கடைசி ஆள். சுவரில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன். இரண்டு நிழல் என் மேல் விழுந்தது.

ஒருவர் மலாய்க்காரக் கார்ப்பரல். இன்னொருவர் தமிழ்க் கான்ஸ்டபிள், என் வயசுதான் இருக்கும். வெளிநாட்டுக்காரர்களின் பேப்பர் பார்த்து வருகிறார்கள். நான் எழுந்து, பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மலாயில் சொல்லப் போய், பாட்டுச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கார்ப்பரலின் மீசை லேசாக அசைந்தது. ஆனால் நகலைப் பார்த்ததும் அசையவில்லை. நகலை யாரும் எடுக்கலாம், ஜெட்டி பக்கத்துப் போலீஸ் பூத்துக்கு வா, உன் முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்கிறேன் என்றார்.

ஜெட்டி. எங்கள் ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் பக்கம்.

"என்ன பாட்டு?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

வாயால் பிழைத்தவன் நான். அன்று கைதான் முந்தி ஸ்டாப் பட்டனைத் தேடியது. அவர் என் கழுத்தில் இருந்த ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டார். கேசட் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

முதலில் என் குரல். செருப்பை இறுக்கிக் கட்டு, அண்ணன் வேகத்துக்குத்தான் நடக்கணும், முந்தினா குட்டு விழும். கான்ஸ்டபிள் திரும்பி என்னைப் பார்த்தார். இனிமேல் இவர் முன்னால் தமிழே பேசுவதில்லை என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

மூவரும் நடந்தோம். எத்தனையோ பிரதி எடுத்தவன் நான். கேசட் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் காதில் ஓடுவது எனக்கு வெளியே இருந்தே கேட்டது. இந்தச் சுவரில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்த தங்கராசுவை அண்ணன் முதன்முதலில் பார்த்தது. கச்சான் ஒரு பிடி கொடுத்தது. அப்புறம் கப்பலில் அரிசி மூட்டை இறக்கியது, மீன் குழம்புக்கு எந்த மீன், முழங்கால் அடிபட்டது. அண்ணன் விஷயத்துக்கு வர ஒரு பக்கம் முழுசாக ஆகும். பதிவு செய்தபோது அதற்காக அவரைத் திட்டியிருக்கிறேன். அன்று அந்த மீன் குழம்பு முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மணிக்கூண்டை நெருங்கினோம். அங்கே நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். "இங்க எப்பவும் ரெண்டு மாத்தா நிப்பாங்க. தொப்பையப் பாத்துச் சிரிச்சிடாத. பெல்ட்டு பாவம்." மாத்தா என்றால் இங்கே போலீஸ்காரர். நான் தரையைப் பார்த்து நடந்தேன். ஓரக்கண்ணில் கான்ஸ்டபிளின் கை மெதுவாகப் போய் பெல்ட்டைச் சரி செய்வது தெரிந்தது.

பீச் ஸ்திரீட்டில் கார்ப்பரலுக்குப் பொறுமை போய்விட்டது. செப்பாட் லா, சீக்கிரம் நட என்று இரண்டு முறை சொன்னார். அப்போதுதான் கவனித்தேன். கான்ஸ்டபிள் மெதுவாகிவிட்டார். ஒரு கால் எடுத்து வைத்து, கொஞ்சம் நின்று, மறு காலை இழுத்து வைத்தார். அண்ணன் நடப்பது போலவே. கேட்கிற எல்லாருக்கும் அது வரும், நமக்கே தெரியாமல். என்னதான் கேட்கிறாய் என்று கார்ப்பரல் கேட்டதற்கு அவர், யாரோ வயசாளி கதை சொல்கிறார் என்று மலாயில் பதில் சொன்னார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

டிக் என்று சத்தம். ஒரு பக்கம் முடிந்தது. எனக்கு மூச்சு வந்தது. கையை நீட்டினேன். அவர் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மூடியைத் திறந்தார், கேசட்டைத் திருப்பிப் போட்டார், மூடினார்.

"எங்கிட்டயும் இதே மாடல் இருக்கு" என்றார்.

இரண்டாம் பக்கத்தில் மீன் குழம்பு கிடையாது. அதில் இருப்பது இதுதான். அண்ணனும் தங்கராசுவும் ஒரே அறையில் பத்து வருஷம். கேட்கிறவர்களுக்குப் பங்காளிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்த காலம். அண்ணனிடம் குடியுரிமை உள்ளவர்களின் நீல அடையாளக் கார்டு, தங்கராசுவிடம் சிவப்பு. சிவப்புக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். கப்பல் வந்த அன்று கேட்டுக்கு உள்ளே சொந்தக்காரர்களையும் துறைமுகத் தொழிலாளிகளையும் மட்டும்தான் விட்டார்கள். மனைவிகள் புருஷன்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணன் விஞ்சில் இருந்தார்.

பசார் ஸ்திரீட்டுக்குள் இறங்கிக் கடல் பக்கம் திரும்பினோம். அண்ணன் குரலில் அந்த இடம் எனக்குள் ஓடியது.

"நீ அவனுக்கு என்ன வேணும்னு கேட்டுல நின்ன காவக்காரன் கேட்டான். கூலின்னேன். அவன் பெட்டி வலையில ஏறுச்சு. நான்தான் தூக்குனேன். பெட்டி மேல போயிருச்சு, எனக்கு எறக்க மனசு வரல. அப்படியே அந்தரத்துல நிறுத்தி வச்சிருந்தேன். கீழ இருந்து கத்துறானுங்க. தங்கராசு மட்டும் கத்தல. மேல என்னைப் பாத்தான். புருஷன் பொண்டாட்டி மாரி இருந்தோம் தம்பி. அப்புறம் எறக்கிட்டேன்."

கான்ஸ்டபிள் நின்றுவிட்டார். வெல்ட் கீ ரோட்டில் லாரி ஒன்று ஹார்ன் அடித்தது, அவர் நகரவில்லை. கார்ப்பரல் அவர் தோளைத் தட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அருவருப்பா, கோபமா, வேறு ஏதாவதா, என்னால் படிக்க முடியவில்லை. ஊரில் என்னை அடித்தவர்களின் முகமும் அடிப்பதற்கு முன்னால் இப்படித்தான் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

இப்போது ஓட வேண்டும் என்று கால் சொன்னது. குறுக்குச் சந்து எனக்குத் தெரியும். ஓடிப் போய்ச் சொன்னால் எல்லாரும் கலைந்துவிடலாம். ஆனால் ஓடினால் பேப்பர் இல்லாதவன் ஓடுகிறான் என்று துரத்துவார்கள், நான் அவர்களை நேரே கோப்பிக் கடைக்கே கூட்டிப்போவேன். ஓடாவிட்டால் கேசட் கூட்டிப்போகும். அப்படி ஒரு பொறியை நானே என் குரலால் செய்து வைத்திருந்தேன்.

கார்ப்பரல் என் நகலை எடுத்துக்கொண்டு, இவனைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போன் போடப் பூத்துக்குப் போனார். கான்ஸ்டபிள் ரோட்டைத் தாண்டினார். நான் பின்னால் போனேன்.

4

கோப்பிக் கடையில் அண்ணன், கெப்பாலா பத்தாஸ் வாத்தியாருக்கு எதையோ கை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். லிம் பக்கத்தில். பேக்டரிப் பெண்கள் ஒரே தட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ரோஸ் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் யூனிபாரத்தைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கையில் வளையல் மேசையில் பட்டுக் கிடுகிடுவென்று அடித்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கான்ஸ்டபிளின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டில் விரலை வைத்தேன். அண்ணன் அதைப் பார்த்தார். வாக்கியத்தை நடுவில் விட்டார். அந்தக் கடையில் அண்ணன் பேச்சு நின்றது, மின்விசிறி நின்றது போல எல்லாருக்கும் தெரிந்தது.

கான்ஸ்டபிள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டார். சுவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அதன் கீழே பார்த்தார். அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கோயிலில் இருந்து வந்த ஒரு பெரியவர். பேசாதவரை அவர் யாராகவும் இருக்கலாம்.

கான்ஸ்டபிள் கல்லாவுக்குப் போனார். நான் லிம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு தே சொன்னார். காசு கொடுத்தார். கிளாஸைத் தானே தூக்கிவந்து அண்ணன் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. நின்றார்.

எங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தத் தேயைக் குடித்தால், கேசட்டில் பேசியது நான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. பேப்பரில் கைநாட்டு வைப்பது போல. குடிக்காமல் இருந்தால் அவர் வெறும் பெரியவர், இது எனக்கு இல்லையே தம்பி என்று தள்ளிவிட்டால் தப்பித்தார். நான் மனசுக்குள் கத்தினேன், தள்ளிவிடுங்கள் அண்ணே. லிம் மேசைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்தான். பிடித்துவிட்டுச் சட்டென்று விட்டான். வாத்தியார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை.

அண்ணன் கிளாஸை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"சீனி போதுமாண்ணே?" என்றார் கான்ஸ்டபிள்.

தலையை ஆட்டினால் போதும். இன்னும் கதவு திறந்திருந்தது. அண்ணன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"போதும் தம்பி. சூடுதான் பத்தல. மெதுவா நடந்து வந்துட்டீங்க."

அந்தக் குரலேதான். கேசட்டில் கேட்ட அதே கரகரப்பு, அதே இழுவை. கான்ஸ்டபிள் வாக்மேன் மூடியைத் திறந்து கேசட்டை எடுத்தார். சட்டைப் பையில் போட்டு, பையின் பட்டனையும் போட்டார். வாக்மேனை என் முன்னால் வைத்தார். அதற்குள் கார்ப்பரல் வந்துவிட்டார். முதலாளி போனில் என்னைத் தன் ஆள் என்று சொல்லிவிட்டாராம். நகலைத் திருப்பிக் கொடுத்து, அசலை வைத்துக்கொள் என்று ஒரு திட்டுத் திட்டினார். இருவரும் போனார்கள். கான்ஸ்டபிள் இப்போது சாதாரணமாக, வேகமாக நடந்தார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அண்ணன் மட்டும் எழவில்லை.

"உக்காருங்க லா. இப்ப ஓடினாத்தான் அவன் திரும்பிப் பாப்பான்."

உட்கார்ந்தோம். அண்ணன் கிளாஸைப் பிடித்திருந்த கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய், தன் இழுக்கும் காலின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டார். கால் ஆடிக்கொண்டிருந்தது.

5

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பயமே அதுதான். யாராவது வந்து கதவைத் தட்டியிருந்தால்கூட ஒரு முடிவு தெரிந்திருக்கும்.

கேசட்டை அவர் ஏன் எடுத்தார் என்று நாங்கள் பேசாத நாள் இல்லை. சாட்சிக்கு என்றாள் ரோஸ். கேட்பதற்கு என்றான் லிம். இன்ஸ்பெக்டரிடம் கொடுத்திருந்தால் இந்நேரம் வந்திருப்பார்கள் என்றான். இல்லை, பெரிய வலையாக வீசக் காத்திருக்கிறார்கள் என்றாள் ரோஸ். அவள் இப்போது ஞாயிற்றுக்கிழமை வெளியே வருவதில்லை. வாத்தியார் கெப்பாலா பத்தாஸ் போனவர் போனவர்தான். அவருக்கு நான் செய்த கேலியை நினைத்தால் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன வாரம் அந்தக் கான்ஸ்டபிள் எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தார். கூட இரண்டு பேர். என் மேசை. இலை போட்டேன், சோறு வைத்தேன், குழம்பை இலைக்குப் பக்கத்தில் மேசையில் ஊற்றினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இலையைக் குழம்பு விழும் இடத்துக்கு நகர்த்தி வைத்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ரசம் கேட்டார், சாப்பிட்டார், இலையை மடித்தார், போனார். சட்டைப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டையாக இருந்தது. எங்கே வைத்திருக்கிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில் அலமாரியிலா, ஸ்டேஷனில் டிராயரிலா, தன் வாக்மேனிலா. என் மாடல்தானே அவருடையதும்.

அம்மா இந்த வாரம் போன் செய்தபோது பெண் ஒன்று பார்த்திருப்பதாகச் சொன்னார். பெர்மிட் வரட்டும் என்றேன். பெர்மிட்டை நான் இதற்கெல்லாம் பயன்படுத்துகிறேன் என்று இமிகிரேசனுக்குத் தெரிந்தால் தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள்.

நேற்று லிம் கடைக்குப் போனேன். நடப்பதை விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் போனேன். லிம் அதைவிடச் சின்ன யோசனை வைத்திருந்தான். நடக்கலாம், முடிவை மட்டும் மாற்றுவோம். கோப்பிக் கடை வேண்டாம், அண்ணன் வேண்டாம், ஜெட்டியில் நின்று கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவோம். எனக்கு அது சரி என்றுதான் பட்டது. உடனே மைக்கை எடுத்தேன். அண்ணன் மூலையில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட ரேடியோ ஒன்றை நோண்டிக்கொண்டிருந்தார்.

புது முடிவைப் பேசினேன். கடலைப் பார், பஸ் ஏறு, போ. போட்டுக் கேட்டோம். நன்றாக, தெளிவாக இருந்தது. ஊரில் படம் மாறியதற்கு அறிவிப்புச் செய்வேனே, அது போல. அண்ணன் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இவ்ளோ தூரம் ஒருத்தன் கூட நடந்துட்டு, கடைசில ஆளைப் பாக்காமப் போயிடணுமா?"

அவருக்குப் பயம் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். தேயைக் குடித்தபோது மூத்திரமே வந்துவிட்டது போல இருந்தது என்றார். அப்புறம் ஏன் பேசினீர்கள், தலையை ஆட்டியிருக்கலாமே என்றேன். கொஞ்ச நேரம் திருகாணி ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டுல ஒருத்தன் கேட்டப்ப கூலின்னு சொல்லிட்டேன். ரெண்டாவது வாட்டியும் சொல்ல முடியாது தம்பி."

லிம்முக்குத் தமிழ் தெரியாது. நான் மலாயில் சொன்னேன். பாதிதான் சொல்ல வந்தது.

லிம் கேசட்டைப் பின்னால் ஓட்டினான். ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அமுக்கினான். பழைய கடைசி வரியை மறுபடி பேசினேன். உள்ளே வா, சுவரில் கடிகாரம் இருக்கும், கீழே இருப்பவருக்கு ஒரு தே வாங்கிக் கொடு. அங்கே நிறுத்த வேண்டியது. வாய் நிற்கவில்லை.

"நீ யாரா இருந்தாலும் சரி."

போட்டுக் கேட்டோம். அந்த இடத்தில் குரல் நடுங்குகிறது, நன்றாகவே தெரிகிறது. அழித்துவிட்டு இன்னொரு முறை எடுக்கலாமா என்று லிம் கேட்டான். வேண்டாம் என்றேன்.